பாய்ப்படகின் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

ஊர்காவற்றுறையில் இருந்து காரைநகர்ப் பக்கம் வரும்போது கடற்கோட்டைக்குக் கிட்ட பாயை இறக்கிவிட்டு எஞ்சினைப் போடுவது என் வழக்கம். போன சோளகத்தில் ஒரு பின்னேரம் அப்படித்தான் திறப்பைத் திருப்பினேன். 'டக்'. அவ்வளவுதான். திரும்பவும் திருப்பினேன். திரும்பவும் ஒரு 'டக்'. காற்று படகைக் கோட்டைச் சுவர்ப் பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பற்றரியைப் பேசத் தொடங்கினேன். ஒரு மாதத்துக்கு முன்தான் காசு கொடுத்து வாங்கிய புதுப் பற்றரி.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணை ஒருவருக்குப் போன் போட்டேன். நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, பற்றரியைப் பேசாதை. கறுப்பு வயரின்ரை மற்ற முனையைப் பார்."

கறுப்பு வயரின் ஒரு முனை பற்றரியில் இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். மற்ற முனை எஞ்சினின் அடியில், கை நுழையாத மூலையில், ஒரு போல்ட்டின் கீழ் இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்தால் செம்பே தெரியவில்லை, பச்சைக் களிம்புதான் தெரிந்தது. கத்தியால் சுரண்டி, இறுக்கிப் பூட்டித் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பற்றியது. நான் 'செத்துப்போச்சு' என்று கழற்றிக் கொடுத்த பழைய பற்றரி இன்றைக்கும் ஒரு வள்ளத்தில் லைற் எரிக்கிறது.

அந்த அண்ணை தொழில் பழகியது 90களில். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குள் டொர்ச் பற்றரிக்கே தடை இருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள், காபரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுப் பற்றவைத்து மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடியவர்கள். புதுச் சாமான் வாங்கிப் போட்டுப் பார்ப்பது என்ற வழியே அவர்களுக்கு இருக்கவில்லை. பழுது எந்த இடத்தில் என்று தேடிப் பிடித்தே ஆகவேண்டும். நான் கீழே எழுதுவதில் பெரும்பகுதி அப்படிப்பட்ட ஒருவரிடம் கேட்டதும், அதற்குப் பிறகு நானே கை சுட்டுப் படித்ததும்.

என்னுடையது இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 12 வோல்ற், எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரு பற்றரி, விளக்கு, பம்ப், போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் இன்னொன்று. சின்னப் பாய்ப்படகுகளில் பெரும்பாலும் இதே அமைப்புத்தான். வெளியில் மாட்டும் மோட்டார் வைத்திருப்பவர்களுக்குப் பற்றரி, வயர் பற்றிய பகுதி பொருந்தும், டீசல் பற்றியது பொருந்தாது.

தொடங்குமுன்

நங்கூரம் போட்டாயிற்றா? கியர் நியூற்றலில் இருக்கிறதா? எந்தப் பற்றரி என்று தெரிவுசெய்யும் பற்றரிச் சுவிச் சரியான இலக்கத்தில் இருக்கிறதா? மூன்றையும் பார்த்துவிட்டு மீற்றரை எடுங்கள். மலிவான மல்ரிமீற்றரே போதும்.

சார்ஜ் ஆகாமல் சில மணிநேரம் சும்மா இருந்த ஈயப் பற்றரியில் 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். சோலார் பலகை இப்போதுதான் சார்ஜ் பண்ணிக்கொண்டிருந்தது என்றால் அந்த எண்ணை நம்பவேண்டாம், மேலோட்டமாகக் கூடிக் காட்டும். லைற்றை ஐந்து நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

ஆனால் சும்மா இருக்கும்போது அளந்த எண் பாதிக் கதைதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அதே பற்றரியில் எவ்வளவு என்பதுதான் மிச்சக் கதை. அப்போது 10 வோல்ற்றுக்கு அக்கம்பக்கம் நின்றால் பற்றரியில் பிழை இல்லை. 9.6க்கும் கீழே விழுந்தால் ஒன்று பற்றரி வெறுமையாக இருக்கிறது, அல்லது அதன் காலம் முடிந்துவிட்டது.

ஒரு சத்தமும் இல்லை

டாஷ்போர்ட்டில் சிவப்பு லைற் எரிகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் மின்சாரமே வரவில்லை: பற்றரிச் சுவிச், பற்றரி முனை, பிரதான பியூஸ். இவற்றைத் தாண்டிப் போகவேண்டிய தேவை அநேகமாக வராது.

லைற் எரிகிறது, திறப்பை ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் மட்டும் மௌனம் என்றால் பழுது சின்ன வயரில். திறப்பில் இருந்து ஸ்டார்ட்டருக்குக் கட்டளை கொண்டுபோகும் அந்த வயர் மெல்லியது, மூன்று நாலு மீற்றர் நீளம் போகிறது, நடுவில் ஒரு பிளக்கும் இருக்கிறது. அந்தப் பிளக் எஞ்சினின் பின்பக்கம் ஈரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பின் மட்டும் பச்சையாக இருக்கும். சில எஞ்சின்களில் கியர் நியூற்றலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிச் உண்டு, அதுவும் துருப்பிடிக்கும். கியர்த் தடியை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டுத் திரும்ப முயன்று பாருங்கள்.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்டார்ட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன உருளைதான் சொலனொயிட், ஸ்டார்ட்டருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிச். அதில் பற்றரியில் இருந்து வரும் தடித்த கேபிளின் முனை ஒன்று, திறப்பில் இருந்து வரும் மெல்லிய வயரின் முனை ஒன்று. பிளாஸ்டிக் பிடி போட்ட பழைய ஸ்குரூடிரைவரால் இந்த இரண்டையும் ஒரு கணம் தொடுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும். எஞ்சினை நிறுத்தும் கம்பி உள்ளே தள்ளியிருந்து, திறப்பும் 'ஒன்' நிலையில் இருந்தால் எஞ்சினும் பற்றும். பற்றரி, தடித்த கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாம் சரி, பிழை திறப்புப் பக்கம்தான் என்பது அதோடு உறுதி.

பொறி பறக்கும், பயப்படவேண்டாம். ஆனால் டீசல் எஞ்சினில் மட்டும்தான் இதைச் செய்யலாம். பெற்றோல் மணம் கொஞ்சமாவது இருந்தால், அல்லது பற்றரி அப்போதுதான் சார்ஜ் ஆகிக் கொதித்துக்கொண்டிருந்தால் கிட்டவே போகவேண்டாம். மோதிரத்தைக் கழற்றுங்கள். சாரம் கட்டியிருந்தால் மடித்துக் கட்டுங்கள், பெல்ட் பக்கத்திலேயே சுற்றும்.

கரைக்கு வந்ததும் நிரந்தர வழி: எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிச். மெல்லிய வயர் ரிலேயை மட்டும் இயக்கும், சொலனொயிட்டுக்கு வேண்டிய மின்சாரம் பக்கத்தில் இருக்கும் தடித்த கேபிளில் இருந்தே போகும். ஒருநாள் சுற்றும், ஒருநாள் சுற்றாது, பத்துத் தரம் திருப்பினால் ஒருதரம் சுற்றும் என்ற பேய்க்குணம் பல எஞ்சின்களில் இந்த ஒரு ரிலேயோடு போய்விடும்.

'டக்' என்று ஒரே ஒரு சத்தம்

கோட்டைக்குப் பக்கத்தில் எனக்கு வந்தது இதுதான். யாழ்ப்பாணக் கடலில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். சொலனொயிட் தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் மோட்டாரைச் சுற்றுமளவு மின்சாரம் வந்து சேரவில்லை.

கணக்கைப் பாருங்கள். சின்ன டீசல் எஞ்சினின் ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஏறத்தாழ 150 அம்பியர் இழுக்கும். ஒரு கேபிள் முனையில் களிம்பு பிடித்து 0.01 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு. மீற்றரை ஓமில் வைத்து அளந்தால் பூச்சியம் என்றுதான் காட்டும், கடையில் இருக்கும் பெடியனும் 'வயர் நல்லம்' என்றுதான் சொல்வான். ஆனால் 150 அம்பியர் அதற்குள்ளால் போகும்போது அங்கேயே 1.5 வோல்ற் காணாமற் போகிறது. அப்படி மூன்று முனை இருந்தால் 4.5 வோல்ற். பற்றரி நிறைந்திருந்தும் ஸ்டார்ட்டருக்குப் பட்டினி.

கள்ளனைப் பிடிக்கும் வழி இலகு. மீற்றரை 20 வோல்ற்றில் வையுங்கள். ஒரு ஊசியைப் பற்றரியின் பிளஸ் ஈயக் குமிழிலேயே ஊன்றுங்கள், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் இல்லை. மற்ற ஊசி ஸ்டார்ட்டரில் தடித்த கேபிள் வந்து பூட்டியிருக்கும் போல்ட்டில். இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ற்றுக்குக் குறைவாகக் காட்டினால் அந்தப் பாதை நல்லது. 2 வோல்ற் காட்டினால் கள்ளன் அந்தப் பாதையில் இருக்கிறான். இனி ஊசியை ஒவ்வொரு மூட்டாகக் கிட்டக் கொண்டுவாருங்கள்: குமிழில் இருந்து கிளாம்புக்கு, கிளாம்பில் இருந்து சுவிச்சுக்கு, சுவிச்சின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு. எங்கே எண் தாவுகிறதோ அங்கேதான் வேலை.

மைனஸ் பக்கத்துக்கும் இதே சோதனை. ஒரு ஊசி மைனஸ் குமிழில், மற்றது ஸ்டார்ட்டரின் வெறும் உடம்பில். இங்கே 0.3க்கு மேல் போகக்கூடாது. பிளஸ் பக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு மைனஸை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

மீற்றர் இல்லையா? இரண்டு மூன்று தரம் திருப்பிவிட்டு மூட்டுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். 1.5 வோல்ற்றும் 150 அம்பியரும் பெருக்கினால் 225 வாற், எல்லாம் அந்த ஒரு மூட்டில் சூடாகிறது. சுடுகிற மூட்டுத்தான் பிழை.

லைற்றை வைத்தும் பார்க்கலாம். அதே பற்றரியில் ஒரு விளக்கை எரியவிட்டுத் திருப்புங்கள். (இரண்டு பற்றரியும் தனித்தனி என்றால் சுவிச்சை 'இரண்டும்' என்ற நிலைக்குக் கொண்டுபோனால்தான் இது செல்லும்.) விளக்கு அசையவே இல்லை என்றால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகவில்லை. நன்றாக மங்கினால் மின்சாரம் போகிறது, பற்றரிக்குப் பலமில்லை அல்லது ஸ்டார்ட்டர் இறுகியிருக்கிறது. பட்டென்று அணைந்துபோனால் பற்றரிக் குமிழிலேயே மூட்டுப் பிழை.

எல்லா மூட்டும் நல்லது, ஸ்டார்ட்டர் போல்ட்டில் முழு வோல்ற்றும் நிற்கிறது, இருந்தும் 'டக்' மட்டுமே என்றால் சொலனொயிட்டின் உள்முனைகள் எரிந்திருக்கும். ஸ்டார்ட்டரின் உடம்பில் மரக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கலாம். வேலை செய்யும், ஆனால் அது கரைக்கு வந்து சேர மட்டும்.

துப்புரவாக்க நம் குசினியிலேயே மருந்து இருக்கிறது. சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றினால் குமிழில் பூத்திருக்கும் வெள்ளை மா நுரைத்துக்கொண்டு போய்விடும். மூடியைத் திறந்து வைத்து ஊற்றிவிடாதீர்கள், சோடா உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். கழுவி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, அதற்குப் பிறகு வஸ்லின். வஸ்லினை முதலே பூசிவிட்டுப் பூட்டுவது வேண்டாம். கேபிளின் தோலை ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் முனையை மாற்றி வேலையில்லை, கேபிளையே மாற்றவேண்டும். வீட்டு வயரிங்குக்குப் போடும் கம்பியைப் படகில் போடாதீர்கள். வெள்ளீயம் பூசிய நெகிழ்வான செப்புக் கேபிள்தான் உப்புக் காற்றுக்குத் தாங்கும்.

'டக டக டக' என்று தொடர்ந்து

இது வேறு. சொலனொயிட் பிடிக்கிறது, வோல்ற் விழுகிறது, விடுகிறது, வோல்ற் எழுகிறது, திரும்பப் பிடிக்கிறது. பெரும்பாலும் பற்றரி வெறுமை. மற்றப் பற்றரியைச் சேர்த்துத் திருப்புங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் சுவிச்சை மாற்றும்போது 'ஓவ்' நிலையைக் கடக்கவே கூடாது. ஒரு கணம் கடந்தாலும், எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டனேற்றரின் டயோட்டுகள் எரிந்துபோகலாம்.

முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது

குளிர் நாட்டில் எண்ணெய் தடித்ததால் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தச் சாட்டு எடுபடாது. மேலே சொன்ன அளவுகளைச் செய்யுங்கள். பற்றரி 11 வோல்ற்றுக்கு மேலேயே நிற்கிறது, ஸ்டார்ட்டரில் 8 என்றால் கேபிள். இரண்டு இடத்திலும் 9 என்றால் பற்றரி. இரண்டு இடத்திலும் நல்ல வோல்ற் இருந்தும் மெதுவு என்றால் ஸ்டார்ட்டருக்கு உள்ளே இருக்கும் கரிப் பிரஷ் தேய்ந்திருக்கும்.

அழுத்தம் விடும் நெம்பு இருக்கிற எஞ்சின் என்றால் இன்னும் ஒரு துரும்பு உங்கள் கையில் உண்டு. நெம்பைத் தூக்கிவிட்டுச் சுற்றுங்கள், வால்வு திறந்திருப்பதால் எஞ்சின் இலேசாக வேகம் பிடிக்கும். நல்ல வேகம் வந்ததும் நெம்பை இறக்குங்கள். பலமில்லாத பற்றரியிலும் பல தடவை பற்றிக்கொள்ளும்.

ஒரு இடியோடு நின்றுவிடுகிறது

கவனம். அரைச் சுற்றுச் சுற்றி 'தொம்' என்று நின்றால் பற்றரி என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் கடல்தண்ணீர் இருக்கலாம். தண்ணீரை அமுக்கமுடியாது, வளைவது பிஸ்டன் தண்டுதான்.

தண்ணீர் எப்படிப் போகிறது? பற்றாத எஞ்சினை நாம் சுற்றச் சுற்ற, குளிர்விக்கும் பம்பும் கூடவே சுற்றிக் கடல்தண்ணீரைப் புகைக்குழாய்க்குள் இறைத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் பற்றினால்தான் புகை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். பற்றாவிட்டால் சைலன்சர் நிரம்பி, பின்வாங்கி, புகை போகும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் வரும். ஆகவே இரண்டு தரம் திருப்பியும் பற்றவில்லை என்றால், எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் வரும் வால்வைப் பூட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பற்றிய உடனே திறக்க மறக்கவேண்டாம். நான் திறப்பையே அந்த வால்வின் கைப்பிடியில் தொங்கவிடுவேன், திறப்பு கையில் வரவேண்டும் என்றால் வால்வைத் தொடவேண்டும்.

தண்ணீர் போய்விட்டது என்று சந்தேகம் என்றால் நெம்பைத் தூக்கி, கையால் மெதுவாகச் சுற்றி வெளியேற்றவேண்டும். அல்லது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டரைக் கழற்றவேண்டும். அன்றைக்கே எண்ணெயை மாற்றி எஞ்சினை ஓட்டவேண்டும். ஒரு கிழமை விட்டால் உள்ளே துரு.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை

பற்றரிக்கு நன்றி சொல்லிவிட்டு டீசலுக்கு வாருங்கள். ஆனால் அதற்கு முன், எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி இழுத்தபடியே இருக்கிறதா? சிரிக்காதீர்கள். நெடுந்தீவுக்குப் போக நாலு பேர் பையோடு வந்து உட்கார்ந்திருக்க, அரை மணிநேரம் நான் பில்டரைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு சின்னப் பிள்ளைதான் "மாமா, இது ஏன் வெளியில நிக்குது" என்று கேட்டது.

புகையைப் பாருங்கள். சுற்றும்போது புகைவாயில் புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்கு வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை: வேகம் போதாது, அழுத்தம் போதாது, அல்லது சூடாக்கும் பிளக் உள்ள எஞ்சினில் அது வேலை செய்யவில்லை.

டீசல் வரவில்லை என்றால் தாங்கியின் குழாய் திறந்திருக்கிறதா, பில்டர்க் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் டீசலுக்குக் கீழே தெளிவாகக் குமிழ்போல் நிற்கும். கறுப்பு வழுவழுப்பு இருந்தால் அது தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் வளரும் கிருமி. 2022இல் வரிசையில் நின்று கான்களில் சேர்த்த டீசலில் ஒன்றை நான் ஒன்றரை வருடம் கழித்துத் தாங்கியில் ஊற்றினேன். பிறகு அந்தத் தாங்கியைக் கழுவி முடிக்க இரண்டு நாள் போனது.

பில்டரைத் திறந்தால் காற்றுப் புகும், காற்றை எடுக்கவேண்டும். வரிசை முக்கியம், தாங்கியில் இருந்து எஞ்சின் நோக்கி. எஞ்சினில் உள்ள பில்டரின் மேல் சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி, டீசல் பம்பின் நெம்பைக் கையால் அடியுங்கள். முதலில் பால் போல நுரை வரும், பிறகு குமிழோடு, பிறகு தெளிவாக. தெளிந்ததும் அடித்துக்கொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். நெம்பு கனமில்லாமல் வெறுமனே ஆடினால் உள்ளே உள்ள கேம் உச்சியில் நிற்கிறது, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடருங்கள். அப்புறம் உயரழுத்தப் பம்பின் ஸ்குரூ. கடைசியாக இஞ்செக்டருக்குப் போகும் குழாயின் நட்டு, பெரும்பாலும் 17 ஸ்பனர். அதை அரைச் சுற்றுத் தளர்த்தி, வேகக் கம்பியை முழுதாகத் தள்ளி, கடல்தண்ணீர் வால்வைப் பூட்டி, அழுத்தம் விடும் நெம்பைத் தூக்கிச் சுற்றுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள். விரலை மட்டும் அந்த இடத்தில் வைக்கவேண்டாம், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும்.

ஸ்டார்ட்டரை ஒரு தரத்துக்குப் பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

பற்றுகிறது, ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது

தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் தாங்கியின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. குளவி கூடு கட்டும். அது இல்லையென்றால் பில்டர், அல்லது பம்புக்கு முன்னுள்ள குழாயில் காற்று இழுக்கும் மூட்டு. அங்கே டீசல் வெளியே கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கிளிப்பாக இறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நேற்று ஓடியது, இன்று பற்றரி வெறுமை

முதலில் சார்ஜ் ஆகிறதா? எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.4 வோல்ற் இருக்கவேண்டும். 12.5இலேயே நின்றால் சார்ஜ் இல்லை. பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அமத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்கவேண்டும். எஞ்சின் போடுமுன் திறப்பைத் திருப்பும்போது பற்றரி லைற் எரியவேண்டும். அந்தச் சின்னப் பல்ப் எரிந்துபோயிருந்தால் பல ஆல்டனேற்றர்கள் கண் விழிக்கவே மாட்டா. 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பிழை, பற்றரி கொதித்துத் தண்ணீர் வற்றும்.

தண்ணீர் என்றதும் ஒன்று. மூடி திறக்கும் பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். நம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் பற்றரித் தகட்டிலும் படியும். காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர்தான். நம் வெயிலுக்கு மாதம் ஒருதரம் திறந்து தகடு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

சார்ஜ் சரி என்றால் எங்கோ ஒழுகுகிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மைனஸ் கேபிளைக் கழற்றி, மீற்றரை 10 அம்பியர் துளையில் மாட்டி, குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவில் வையுங்கள். இப்படி வைத்தபடி திறப்பைத் திருப்பினால் மீற்றரின் பியூஸ் போய்விடும். 0.3 அம்பியர் காட்டினால் சின்ன எண் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நாளுக்கு 7 அம்பியர்-மணி, 70 அம்பியர்-மணிப் பற்றரி பத்து நாளில் காலி. வாடைக்காலத்தில் படகைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் போகாமல் விடுகிறோம் அல்லவா, அப்போதுதான் இது வேலையைக் காட்டும்.

பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுங்கள். எதை இழுக்கும்போது எண் பூச்சியத்துக்கு விழுகிறதோ அந்தப் பியூஸின் வயரில்தான் ஒழுக்கு. என் படகில் அது அடித்தண்ணீர் இறைக்கும் பம்பின் மிதவைச் சுவிச். கடலில் வளரும் சாதாளை ஒரு கொத்து அதன் கீழ் சிக்கி, மிதவையைப் பாதித் தூக்கத்தில் பிடித்து வைத்திருந்தது. பம்ப் இறைக்கவும் இல்லை, முழுதாக ஓயவும் இல்லை. காதைக் கிட்ட வைத்தால் மட்டும் ஒரு மெல்லிய 'ம்ம்' கேட்டது.